கல் எடை போக

நகைக்கடன் கவுண்டரில் பதினெட்டு வருடம்.
கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு
மீதியைத்தான் எழுதுவேன்.
பத்து மில்லிகிராம் நான் விட்டதில்லை.

அந்தக் கையால்தான்
நாற்பத்து மூன்றாம் வயதில்
கண்மாய்த் தண்ணீரைத் தள்ளக் கற்றேன்.
செம்மண் கலங்கிய தண்ணீர்;
நீட்டிய கை முழங்கையோடு காணாமல் போகும்.
ஆறு வீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கி
பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று
பார்த்துக்கொள்ள வேண்டும்.
முதல் வாரம்
தொட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மாடு குளிப்பாட்ட வந்தவர் கத்தினார்:
"அக்கா, அது மதகு! அங்கிட்டுப் போகாதிய!"

காரைக்குடி திரும்பியதும்
ஜெராக்ஸ் கடை அஸ்மத் நிஷா
மொட்டைமாடியில் போனோடு காத்திருப்பாள்.
என் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு
"ம்" என்பாள்.
ஹெல்மெட், நம்பர் பெல்ட், ஷூ.
ஈரக்காலில் சாக்ஸ் ஏறாது;
உள்ளே பவுடர் தட்டலாம் என்று கண்டுபிடித்தது அவள்தான்.
மூன்று நிமிடம் பத்து நொடி.
ரெண்டு ஐம்பது.
ரெண்டு நாற்பது.
"என் கல்யாணத்துக்குக்கூட
யாரும் இப்படி அவசரப்படுத்தலக்கா."

போட்டியன்று
மாசி வெயில் எட்டு மணிக்கே உச்சந்தலையில்.
யாருடைய குதிகாலோ மூக்கில்,
ஒரு வாய் பாசி.
ஒன்றரை கிலோமீட்டர் முடித்துக் கரையேறினால்
ஸ்டாண்டில் என் சைக்கிள் மட்டும்.
தேடும் வேலை மிச்சம்.

கானாடுகாத்தான் தாண்டி
எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்
மரியாதையான தூரத்தில்.

செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம்
கேட் போட்டிருந்தது.
அட்டவணையில் இல்லாத கூட்ஸ் வண்டி.
பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள்,
தொட்டால் விலை கேட்கும் சக்கரங்கள்,
எல்லாம் ஒரே கம்பிக்கு இந்தப் பக்கம்.
முதலில் வந்துகொண்டிருந்த பையன்
ஒற்றைக்கால் ஊன்றி நின்றான்.
"எத்தனாவது ரவுண்டுக்கா?"
"முதல்."
அவனுக்கு அது இரண்டாவது.
சிரிக்கவில்லை.
கடலைமிட்டாயில் பாதியை ஒடித்துத் தந்தான்.
நான் வந்தபோது மூன்று நிமிடம் போயிருந்தது என்றான்.
கடைசிப் பதினோரு பெட்டிகளைத்தான்
நான் எண்ணினேன்.
கம்பி ஏறியது.
மிட்டாயை மெல்லுமுன்
ரோடு மறுபடி காலி.

சைக்கிளிலிருந்து இறங்கிய கால்
ஓடுகிற கால் இல்லை.
யாரோ அடகு வைத்து
தவணை தாண்டியும் மீட்க வராத கால்கள்.
அதைக்கொண்டு பத்து கிலோமீட்டர்.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் மேசையில் தர்பூசணித் தோலும் ஈயும்.
எட்டாவது கிலோமீட்டரில்
ஸ்கூட்டியில் வந்த அஸ்மத்
மணியைக் கத்திச் சொன்னாள்.
எனக்குக் கேட்டது.
கேட்காத மாதிரி ஓடினேன்.

கெடு, நான்கு மணி நேரம்.
கோட்டைத் தாண்டும்போது
நாலு மணி, ரெண்டு நிமிடம், இருபது நொடி.
நேரம் குறிக்கும் பி.டி. சார் சேவுகமூர்த்தி
நோட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்:
"கேட்டுல நின்னியளா?"
"நின்னேன்."
"நின்னவுகளுக்கெல்லாம் நாலு கழிவு.
மூணு, அம்பத்தெட்டு, இருபது. உள்ள வந்துட்டிய!"

வாயைத் திறந்தேன்.
அதற்குள் பதக்கம் கழுத்தில் விழுந்தது.
அஸ்மத் கட்டிக்கொண்டாள்,
என் வியர்வையோடு, அவள் அழுகையோடு.
திறந்த வாயில்
யாரோ எலெக்ட்ரால் ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை.
பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண், கல் அட்டிகை.
"கல்லுக்கு இவ்வளவா போகும்?" என்றாள்.
"போகும்."
"கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்."
பார்த்தேன்.
குறைக்கவில்லை.

மதியம் கூண்டில் யாருமில்லாதபோது
பதக்கத்தை எடுத்துத் தராசில் வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கல் இல்லை, அரக்கு இல்லை,
கழிக்க ஒன்றுமில்லை.

பதினோரு பெட்டிகள்தான்.
நன்றாக ஞாபகம் இருக்கிறது.
கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு,
அதன் பின்னால்
அந்தப் பக்கத்து ரோடு.